பேச்சுக்கும் ஆணைக்கும் நடுவே: உயர்நீதிமன்றச் செய்தியாளரின் பணியும் தமிழ்ச் சட்டச் சொல்லாட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

உயர்நீதிமன்றத்தில் நாள்தோறும் நிகழும் விசாரணைகளுள் எழுத்தில் நிலைபெறுவன பெரும்பாலும் ஆணைகளும் தீர்ப்புகளுமே. நீதிபதிகள் எழுப்பும் வினாக்களும் வழக்கறிஞர்களின் மறுமொழிகளும் பதிவேட்டில் முழுமையாக இடம்பெறுவதில்லை. அவற்றை மக்களிடம் கொண்டுசேர்ப்பவர் நீதிமன்றச் செய்தியாளர். சென்னை உயர்நீதிமன்றத்தில் பணியாற்றும் தமிழ்ச் செய்தியாளருக்கு, ஆங்கிலத்தில் நிகழும் நடவடிக்கையைத் தமிழில் தரும் கூடுதல் பொறுப்பும் உண்டு. இவ்விரு பணிகளையும் சட்டப் பின்னணியோடும் மொழிப் பின்னணியோடும் இக்கட்டுரை விளக்குகிறது. பேச்சையும் ஆணையையும் வேறுபடுத்திக் காட்டும் திறனே நீண்ட கால நீதிமன்றச் செய்தியாளரின் அடிப்படைத் தகுதி என்பதும், அத்திறன் தமிழில் வினைமுற்று, விகுதி, கலைச்சொல் ஆகியவற்றின் தேர்விலேயே வெளிப்படுகிறது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: நீதிமன்றச் செய்தி, சென்னை உயர்நீதிமன்றம், வாய்மொழிக் கருத்து, திறந்த நீதிமன்றம், நீதிமன்ற அவமதிப்பு, சட்டத்தமிழ், இதழியல்.

முன்னுரை

தமிழ் இதழியல் ஆய்வுகள் பெரும்பாலும் இதழ்களின் தோற்றம், அரசியல் சார்பு, இலக்கியப் பங்களிப்பு ஆகியவற்றையே மையப்படுத்தியுள்ளன. ஆசிரியர்களும் தலையங்க எழுத்தாளர்களும் பெற்ற கவனத்தை, நாள்தோறும் ஒரே வளாகத்திற்குச் சென்று செய்தி திரட்டும் செய்தியாளர் பெற்றதில்லை. அவர்களுள் நீதிமன்றச் செய்தியாளரின் இடம் தனித்தன்மை வாய்ந்தது. சட்டமன்றச் செய்தியாளர் எழுதுவதை அவைக்குறிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். நீதிமன்றச் செய்தியாளர் எழுதும் வாய்மொழிப் பகுதியைச் சரிபார்ப்பதற்கு, அண்மைக்காலம் வரை, வேறு ஆவணம் இருந்ததில்லை. நீதிமன்றத்தில் பேசப்பட்டதற்கு அவருடைய குறிப்பேடே சான்றாக இருந்தது.

ஒருவர் இருபது, முப்பது ஆண்டுகள் உயர்நீதிமன்றத்திலிருந்து செய்தி எழுதுகிறார் என்றால், அவர் ஈட்டுவது சட்ட அறிவு மட்டுமன்று. எந்தச் சொல் யாருடையது, அதற்கு எவ்வளவு எடை உண்டு என்பதை அறியும் பழக்கத்தையும் அவர் பெறுகிறார். அப்பழக்கம் எத்தகையது, அதற்குச் சட்டம் எவ்வாறு இடமளிக்கிறது, தமிழ்மொழி அதனை எவ்வாறு தாங்குகிறது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

நீதிமன்றமும் இதழும்: வரலாற்றுப் பின்னணி

சென்னை உயர்நீதிமன்றம் 1862ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. தமிழகத்தின் இதழியல் வரலாறு தொடக்கம் முதலே அதனோடு பிணைந்துள்ளது. உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக தி. முத்துசாமி ஐயர் அமர்த்தப்பட்டதை அன்றைய ஆங்கிலோ-இந்திய இதழ்கள் தாக்கி எழுதின. அதற்கு மறுமொழி கூற இந்தியர் கையில் ஓர் இதழ் இல்லை என்ற உணர்வே 1878 செப்டம்பர் 20 அன்று ‘தி ஹிந்து’ தோன்றக் காரணமாயிற்று. அதனைத் தொடங்கிய அறுவருள் இருவர் ஆசிரியர்கள். நால்வர் சட்ட மாணவர்கள். அவ்வறுவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் ‘சுதேசமித்திரன்’ இதழையும் தொடங்கினார். ஒரு நீதிபதியின் நியமனம் பற்றிய வழக்காடலே சென்னையில் இந்தியர் இதழியலுக்கு வித்தாக அமைந்தது என்பது நோக்கத்தக்கது.

தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் மரபு இதற்கு இணையாக வளர்ந்தது. அரசு ஆதரவிலான இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசை 1876இலும், ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ 1891இலும் வெளிவரத் தொடங்கின. தீர்ப்புத் தொகுப்பு வழக்கறிஞருக்குரியது. அது முடிவையும் காரணத்தையும் மட்டுமே பாதுகாக்கும். நாளிதழ்ச் செய்தி பொதுமக்களுக்குரியது. அது முடிவுக்கு முந்தைய நிகழ்வையும் பாதுகாக்கும். சாட்சி தயங்கியதும், வழக்கறிஞர் குறுக்கிட்டதும், நீதிபதி வினவியதும் நாளிதழில் மட்டுமே கிடைக்கின்றன.

இவ்வேறுபாட்டை லட்சுமிகாந்தன் கொலைவழக்கு நன்கு காட்டுகிறது. ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ ஆகிய இதழ்களை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கொல்லப்பட்டார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் குற்றம் சாட்டப்பட்டனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் நடுவர்குழுவின் முன் நடந்த விசாரணையில் 1945இல் தண்டிக்கப்பட்ட அவர்கள், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டின் தொடர்ச்சியாக 1947இல் விடுதலை பெற்றனர். சட்டநூல்களில் இவ்வழக்கு சாட்சியம் பற்றிய வினாவாக நிலைபெற்றுள்ளது. தமிழ் மக்களின் நினைவில் அது அன்றாடம் படித்தறிந்த நிகழ்வாக நிலைபெற்றது. அந்நினைவை உருவாக்கியவர்கள் பெயர் அறியப்படாத செய்தியாளர்களே.

பணியின் இயல்பு

உயர்நீதிமன்றச் செய்தியாளரின் நாள், விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியலிலிருந்து தொடங்குகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் அனுமதிக்கப்பட்ட நீதிபதிகள் எண்ணிக்கை 75. 2004 ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கப்பட்ட பிறகு நீதிபதிகள் இரு நகரங்களிலும் அமர்கின்றனர். ஒரே நேரத்தில் பல அறைகளில் விசாரணை நடைபெறுவதால் எந்த ஒரு செய்தியாளரும் அனைத்தையும் நேரில் கேட்க இயலாது. எந்த அறையில், எந்த வழக்கு, எந்த நேரத்தில் அழைக்கப்படும் என்று கணிப்பதே அனுபவத்தின் முதற்பயன்.

நேரில் கேளாதவற்றிற்குச் செய்தியாளர் வழக்கறிஞர்களையும் பிற செய்தியாளர்களையும் சார்ந்திருக்கிறார். வழக்கறிஞர் தரும் தகவல் ஒரு தரப்பின் தகவல். தம் கட்சிக்காரருக்குச் சார்பான ஆணையை அவர் பெரிதாகவும், எதிரானதைச் சிறிதாகவும் கூறக்கூடும். எனவே எதிர்த்தரப்பிடமும் கேட்டறிதல், ஆணையின் நகலைப் பார்த்துச் சரிபார்த்தல் ஆகியவை இத்தொழிலின் எழுதப்படாத விதிகளாக வழங்குகின்றன. பிரமாணப் பத்திரத்தில் கூறப்பட்டவை உண்மைகள் அல்ல, உண்மை என ஒருவர் உறுதிகூறியவை என்ற வேறுபாட்டையும் இளம் செய்தியாளர் தொடக்கத்திலேயே கற்க வேண்டியுள்ளது.

செய்தியாளர் கேட்கும் சொற்களை ஆறு படிகளாக வகைப்படுத்தலாம். மனுதாரரின் கோரிக்கை, வழக்கறிஞரின் வாதம், நீதிபதியின் வினா, நீதிபதியின் வாய்மொழிக் கருத்து, இடைக்கால ஆணை, இறுதித் தீர்ப்பு என்பன அவை. முதல் இரண்டும் தரப்பினருக்குரியவை. மூன்றாவதும் நான்காவதும் நீதிபதியுடையவை. ஆயினும் எவரையும் கட்டுப்படுத்தாதவை. ஐந்தாவது தற்காலிகமாகக் கட்டுப்படுத்துவது. ஆறாவது மேல்முறையீட்டிற்கு உட்பட்டு முடிவானது. வாதத்தைச் சோதிக்கும் பொருட்டு நீதிபதி தாம் ஏற்காத கருத்தையே வினாவாக எழுப்புவது வழக்கம். காலையில் அரசைக் கடுமையாக வினவிய நீதிபதி மாலையில் அரசுக்குச் சார்பாக ஆணையிடுவதில் முரண்பாடு ஏதும் இல்லை. வினாவைத் தீர்ப்பாகக் கருதி எழுதப்படும் செய்தியே வாசகருக்கு அதனை முரண்பாடாகக் காட்டுகிறது.

எழுதப்படாத ஆணை: மிராஜ்கர் வழக்கு

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள இச்சிக்கலை இந்திய உச்சநீதிமன்றம் முதன்முதலில் விரிவாக எதிர்கொண்டது பம்பாய் உயர்நீதிமன்றச் செய்தியாளர்களின் வழக்கில் ஆகும். ‘பிளிட்ஸ்’ இதழின் ஆசிரியர் ஆர். கே. கரஞ்சியா மீது தொடரப்பட்ட அவதூறு வழக்கு நீதிபதி தார்குண்டே முன் விசாரணைக்கு வந்தது. சாட்சி ஒருவர், தம் சாட்சியம் இதழ்களில் வெளியானதால் தம் வணிகம் பாதிக்கப்படுவதாக முறையிட்டார். அவர் சாட்சியத்தை வெளியிடக் கூடாது என நீதிபதி வாய்மொழியாக ஆணையிட்டார்.

இதனை எதிர்த்து நரேஷ் ஸ்ரீதர் மிராஜ்கரும் வேறு இதழாளர்களும் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின்கீழ் உச்சநீதிமன்றத்தை நாடினர். ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1966 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நீதி நிலைபெறுவதற்குத் தேவையெனில் செய்தி வெளியீட்டைத் தடுக்கும் உள்ளார்ந்த அதிகாரம் உயர்நீதிமன்றத்திற்கு உண்டு என்றும், அத்தகைய நீதிமன்ற ஆணை 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமையை மீறியதாகாது என்றும் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் உள்ளிட்ட பெரும்பான்மையினர் கருதினர். நீதிபதி இதாயதுல்லா மட்டும் மாறுபட்டார்.

தீர்ப்பின் சட்டக் கோட்பாடு பலமுறை ஆராயப்பட்டுள்ளது. இங்கு கருதத்தக்கது வேறொன்று. செய்தியாளரைக் கட்டுப்படுத்திய அவ்வாணை எழுத்தில் இல்லை. அறையில் இருந்தவர்களின் காதுகளிலேயே அது இருந்தது. நீதிமன்றத்தின் வாய்மொழிச் சொல் செய்தியாளரைக் கட்டுப்படுத்த வல்லதாயின், அச்சொல்லைச் செய்தியாகப் பதிவுசெய்யும் உரிமை அவருக்கு உண்டா என்ற மறுதலை வினா எழுவது இயல்பு. அவ்வினாவிற்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அவ்விடைக்குக் களம் அமைத்தது சென்னை உயர்நீதிமன்றம்.

எழுதப்படாத கருத்து: 2021ஆம் ஆண்டு வழக்கு

2021 சட்டமன்றத் தேர்தலில் கரூர்த் தொகுதியில் 77 வேட்பாளர்கள் போட்டியிட்டனர். வாக்கு எண்ணும் இடத்தில் கொரோனா தடுப்பு நெறிமுறைகளைக் கடைப்பிடிக்க ஆணையிட வேண்டும் என்று அத்தொகுதி வேட்பாளரும் அப்போதைய அமைச்சருமான எம். ஆர். விஜயபாஸ்கர் மனு தாக்கல் செய்தார். ஏப்ரல் 26 அன்று தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி தலைமையிலான அமர்வு இதனை விசாரித்தது. தொற்றின் இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்றும், அதிகாரிகள்மீது கொலைக்குற்றம் சுமத்தலாம் என்றும் பொருள்படும் வாய்மொழிக் கருத்துகள் அன்று வெளிப்பட்டதாகச் செய்திகள் பரவின. எழுத்து வடிவில் வந்த ஆணையில் அச்சொற்கள் இடம்பெறவில்லை.

வாய்மொழிக் கருத்துகளைச் செய்தியாக வெளியிடுவதைத் தடுக்க வேண்டும் எனத் தேர்தல் ஆணையம் கோரியது. நீதிபதிகள் சந்திரசூட், எம். ஆர். ஷா ஆகியோர் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு மே 6 அன்று அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. உயர்நீதிமன்றத்தின் சொற்கள் கடுமையானவை என்றும், கையாண்ட உருவகம் பொருத்தமற்றது என்றும் அது கூறியது. பதிவேட்டில் இடம்பெறாத சொற்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் வினாவே எழவில்லை என்றும் விளக்கியது. விசாரணையின்போது நிகழும் உரையாடலைச் செய்தியாக்கும் உரிமை, பேச்சுரிமையின் பகுதி என்பது இத்தீர்ப்பால் உறுதிப்பட்டது.

இத்தீர்ப்பு செய்தியாளருக்கு உரிமையோடு பொறுப்பையும் அளிக்கிறது. ‘கருத்துத் தெரிவித்தார்’ என்று எழுதப்பட வேண்டிய சொல் ‘உத்தரவிட்டார்’ எனத் தலைப்பில் ஏறினால், பதிவேட்டில் இல்லாத ஒன்று மக்கள் மனத்தில் ஆணையாகிவிடுகிறது. நீக்குவதற்கு ஆவணம் இல்லாத சொல்லைத் திருத்துவதற்கும் வழியில்லை.

சட்டப் பாதுகாப்பும் எல்லையும்

நீதிமன்றச் செய்தியாளரின் அன்றாடப் பணிக்கு அரணாக அமைவது 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. நீதிமன்ற நடவடிக்கை பற்றிய நேர்மையான, துல்லியமான செய்தி அவமதிப்பாகாது என்று அது கூறுகிறது. முடிவுற்ற வழக்கின் தகுதிப்பாடு குறித்த நேர்மையான விமர்சனத்தை 5ஆம் பிரிவு காக்கிறது. பொதுநலன் கருதிய உண்மையை எதிர்வாதமாக ஏற்க 2006இல் செய்யப்பட்ட திருத்தம் வழிவகுத்தது. அவதூறுச் சட்டத்திலும் நீதிமன்ற நடவடிக்கை பற்றிய சாராம்சத்தில் உண்மையான அறிக்கைக்கு விலக்கு உண்டு. இப்பாதுகாப்புகள் அனைத்திற்கும் துல்லியமே நிபந்தனை என்பது குறிப்பிடத்தக்கது. செய்தி துல்லியம் இழக்கும்போது பாதுகாப்பும் விலகுகிறது.

தமிழகத்திலிருந்து எழுந்த மற்றொரு வழக்கு முன்தடை பற்றியது. சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ இதழ் முனைந்தபோது அதிகாரிகள் தடுக்க முயன்றனர். அவ்வழக்கில் 1994 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அரசோ அதிகாரிகளோ வெளியீட்டிற்கு முன்தடை விதிக்க இயலாது என்றது. நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இடம்பெற்ற செய்தியை வெளியிடலாம் என்றும், பாலியல் வன்முறைக்கு உள்ளானோரின் அடையாளம் இதற்கு விலக்கு என்றும் அது வரையறுத்தது.

எல்லைகள் சிலவற்றைச் சட்டமே வகுத்துள்ளது. பாலியல் குற்றங்களுக்கு ஆளானோர், சட்டத்தோடு முரண்பட்ட சிறார், பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடல் குற்றம். பெயரைத் தவிர்த்தல் மட்டும் போதாது. ஊர், பள்ளி, உறவுமுறை ஆகியவற்றாலும் அடையாளம் வெளிப்படும். சிற்றூர்களைக் கொண்ட தமிழகச் சூழலில் இது மிகுந்த கவனத்திற்குரியது. மேலும், 2012ஆம் ஆண்டு சஹாரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, நேர்மையான விசாரணைக்கு மெய்யான பேரிடர் உள்ளபோது செய்தி வெளியீட்டைக் குறுகிய காலத்திற்கு ஒத்திவைக்க நீதிமன்றம் ஆணையிடலாம் எனக் கூறியது. மிராஜ்கர் தீர்ப்பின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளராகச் செய்தியாளர்

அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநில ஆட்சிமொழியையும் பயன்படுத்த அப்பிரிவு இடமளிக்கிறது. இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர்நீதிமன்றங்களில் இந்தி இவ்வாறு இடம்பெற்றது. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழைப் பயன்படுத்தக் கோரி 2006இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, அது ஏற்கப்படவில்லை. எனவே தமிழ் மட்டும் அறிந்த மனுதாரர், தம் வழக்கில் நீதிபதி கூறியதைப் பல நேரங்களில் மறுநாள் நாளிதழில் படித்தே அறிகிறார். அவரைப் பொறுத்தவரை செய்தியாளரின் தமிழே நீதிமன்றத்தின் தமிழ். இப்பொறுப்பின் நுட்பங்களை நான்கு நிலைகளில் காணலாம்.

முதலாவது, கலைச்சொல். அரசியலமைப்பு கூறும் ஐந்து நீதிப்பேராணைகளுக்கும் பாடநூல்களில் தமிழ்ப் பெயர்கள் உள்ளன. அவற்றுள் ‘ஆட்கொணர்வு’ மட்டுமே மக்கள் வழக்கில் வேரூன்றியுள்ளது. ‘குண்டர் சட்டம்’ என வழங்கும் 1982ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டோரின் குடும்பத்தினர் தொடர்ந்து இம்மனுவை நாடுவதும், அச்செய்திகள் இதழ்களில் இடைவிடாது வருவதும் இதற்குக் காரணமாகலாம். ‘கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை’ போன்றவை ‘உத்தரவிடக் கோரி மனு’ என்ற தொடராகவே செய்தியில் கரைந்துவிடுகின்றன. சொல்லாக்கக் குழுவைவிட அன்றாடச் செய்தியே சொல்லை நிலைநிறுத்துகிறது என்பது இதனால் புலனாகிறது.

இரண்டாவது, ஒரே தமிழ்ச் சொல் பல சட்ட நிலைகளைச் சுமத்தல். ‘விடுதலை’ என்பது இதற்குச் சிறந்த சான்று. விசாரணை முடிந்து குற்றம் மெய்ப்பிக்கப்படாத நிலை, விசாரணை தொடங்கும் முன்பே போதிய ஆதாரமின்றி வழக்கிலிருந்து நீக்கப்பட்ட நிலை, பிணையில் வெளிவரும் நிலை, தண்டனைக்காலம் குறைக்கப்பட்டு வெளிவரும் நிலை ஆகிய நான்கும் செய்தித் தலைப்புகளில் ‘விடுதலை’யாகவே வருகின்றன. முதல் நிலையில் அதே குற்றத்திற்காக மீண்டும் விசாரிக்க இயலாது. இரண்டாம் நிலையில் புதிய ஆதாரம் கிடைப்பின் வழக்கு மீளலாம். மூன்றாம் நிலையில் வழக்கே முடியவில்லை. தேர்ந்த செய்தியாளர் முதலாவதற்கு மட்டும் ‘விடுதலை’ என்றும், இரண்டாவதற்கு ‘வழக்கிலிருந்து விடுவிப்பு’ என்றும், மூன்றாவதற்கு ‘ஜாமீன்’ என்றும், நான்காவதற்கு ‘முன்விடுதலை’ என்றும் எழுதுவார்.

‘தள்ளுபடி’ என்ற சொல்லும் இவ்வாறானதே. தகுதிப்பாட்டை ஆராய்ந்து தள்ளுவதும், மனுதாரர் திரும்பப் பெற்றதால் தள்ளுவதும், வராததால் தள்ளுவதும் வெவ்வேறு விளைவுடையவை. உயர்நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான சிறப்பு அனுமதி மனுவை உச்சநீதிமன்றம் காரணம் கூறாது தள்ளுபடி செய்தால், உயர்நீதிமன்றத் தீர்ப்பை அது தன் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டதாகாது என்று குன்ஹயம்மது வழக்கில் 2000ஆம் ஆண்டு தெளிவுபடுத்தப்பட்டது. எனினும் ‘உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது’ எனத் தலைப்பிடும் வழக்கம் எளிதில் நேர்கிறது. ‘நோட்டீஸ்’ அனுப்புவது விளக்கம் கேட்பதேயன்றிக் குற்றம் காண்பதன்று என்பதும் இவ்வகையில் கருதத்தக்கது.

மூன்றாவது, வினையும் விகுதியும். முன்னர்க் கூறிய ஆறு படிகளுக்கும் தமிழில் தனித்தனி வினைமுற்றுகள் உள்ளன: கோரினார், வாதிட்டார், வினவினார், கருத்துத் தெரிவித்தார், உத்தரவிட்டார், தீர்ப்பளித்தார். ‘கண்டித்தார்’, ‘சாடினார்’, ‘எச்சரித்தார்’ போன்ற வினைகள் இப்படிகளைக் கலைத்துவிடுகின்றன. அவை நிகழ்வின் சூட்டைத் தருகின்றன, சட்டநிலையைத் தருவதில்லை.

இவற்றினும் நுட்பமானது ‘-தாக’ என்னும் ஈறு. ‘பணம் பெற்ற அதிகாரி’ என்பது முடிவு. ‘பணம் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அதிகாரி’ என்பது வழக்கு. ஒருவர் குற்றவாளி என மெய்ப்பிக்கப்படும்வரை குற்றமற்றவர் என்னும் கோட்பாடு தமிழ்ச் செய்தியில் இச்சிறு ஈற்றைச் சார்ந்தே நிற்கிறது. இடநெருக்கடியால் தலைப்பில் முதலில் வெட்டப்படுவதும் இதுவே. உயர்திணைப் படர்க்கை ஒருமை வினையில் தமிழ் மதிப்பை வெளிப்படுத்தியே தீரும். ‘கூறினார்’ என்றோ ‘கூறினான்’ என்றோ எழுத வேண்டுமேயன்றி, நடுநிலை வடிவம் இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘-ஆன்’ விகுதி இடுவது இலக்கணத்தின் வழியே எழுதப்படும் தீர்ப்பாகிவிடுகிறது. ஆங்கிலச் செய்தியாளருக்கு இச்சிக்கல் இல்லை.

நான்காவது, மேற்கோள். தமிழில் ‘என்று’, ‘என’ ஆகிய இடைச்சொற்கள் நேர்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் பொதுவானவை. ஆங்கிலத்தில் பேசப்பட்ட நீதிபதியின் சொல்லைத் தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் இடும்போது, வாசகர் அதனை நீதிபதி உதிர்த்த சொல்லாகவே கொள்கிறார். உண்மையில் அது செய்தியாளரின் மொழிபெயர்ப்பு. 2021ஆம் ஆண்டு நிகழ்வைப் போல ஓர் உருவகத்தின் கடுமையே வழக்குப் பொருளாகும் இடத்தில், இவ்வேறுபாடு சொற்சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. எழுத்தாணையிலிருந்து பெயர்த்தவற்றை மேற்கோளாகவும், வாய்மொழிக் கருத்தை ‘என்னும் பொருள்படக் கூறினார்’ என அயற்கூற்றாகவும் தருவது பொருத்தமாகும்.

நேரலைக் காலத்தில் செய்தியாளர்

2018இல் சுவப்னில் திரிபாதி வழக்கில் நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையாக ஒளிபரப்புவதை உச்சநீதிமன்றம் ஏற்றது. 2022 செப்டம்பர் 27 முதல் அதன் அரசியலமைப்பு அமர்வுகள் நேரலையில் வருகின்றன. உயர்நீதிமன்றங்கள் சிலவும் இம்முறையைக் கைக்கொண்டன. இதனால், பேசப்பட்ட சொல்லுக்குச் செய்தியாளரின் குறிப்பேடே சான்று என்ற நிலை மாறத் தொடங்கியுள்ளது.

எனினும் பதிவு கிடைப்பதும் பொருள் விளங்குவதும் ஒன்றல்ல. 2024 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் வாய்மொழிக் கருத்துகள் அடங்கிய காணொளித் துணுக்குகள் பரவின. உச்சநீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. நீதிபதி வருத்தம் தெரிவித்ததைத் தொடர்ந்து அது முடித்துவைக்கப்பட்டது. நேரலையை நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது என்பதையும் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. துணுக்கில் வினா இருக்கும். அவ்வினா எந்த வாதத்திற்கு மறுமொழி என்பது இராது. முழு விசாரணையையும் கேட்டு, ஆணையையும் படித்து, இரண்டையும் இணைத்துக் கூறுபவரின் தேவை நேரலையால் மிகுந்துள்ளதே அன்றிக் குறையவில்லை.

மின்மயமாக்கம் எழுப்பும் மற்றொரு வினா செய்தியின் ஆயுள் பற்றியது. அச்சிதழ்ச் செய்தி மறுநாள் மறைந்தது. இணையச் செய்தி மறைவதில்லை. குற்றத்திலிருந்து விடுதலை பெற்ற ஒருவர், தீர்ப்பிலுள்ள தம் பெயரை நீக்கக் கோரியதைச் சென்னை உயர்நீதிமன்றத் தனிநீதிபதி 2021 ஆகஸ்டில் ஏற்கவில்லை. 2024இல் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சார்பாக ஆணையிட்டது. அவ்வாணையை உச்சநீதிமன்றம் அதே ஆண்டில் நிறுத்திவைத்தது. சட்டத்தின் விடை எதுவாயினும், செய்தியாளரின் கடமை தெளிவு. கைதைச் செய்தியாக்கியவர், விடுதலையையும் அதே தேடலில் கிடைக்கும் வகையில் செய்தியாக்க வேண்டும். பல ஆண்டுகள் ஒரே நீதிமன்றத்தில் பணியாற்றுபவரால் மட்டுமே ஒரு வழக்கை அதன் தொடக்கம் முதல் முடிவுவரை பின்தொடர இயலும். நீண்ட பணிக்காலத்தின் சமூகப் பயன் இதில் அடங்கியுள்ளது.

தகுதி பற்றிய கருத்தும் மாறிவருகிறது. உச்சநீதிமன்றத்தில் அங்கீகாரம் பெறச் சட்டப்பட்டம் வேண்டும் என்ற நிபந்தனை 2024 அக்டோபரில் தளர்த்தப்பட்டது. பட்டம் சட்டத்தை அறிய உதவும். பேசப்பட்டதற்கும் ஆணையிடப்பட்டதற்கும் இடையிலான வேறுபாட்டைத் தமிழில் எழுதிக்காட்டும் பயிற்சியைச் சட்டப் படிப்பு மட்டும் தருவதில்லை. இதழியல் படிப்பு மட்டும் தருவதும் இல்லை.

முடிவுரை

உயர்நீதிமன்றச் செய்தியாளரின் பணி, நிகழ்ந்ததைக் கூறுவது என்ற எல்லையோடு நிற்பதில்லை. பதிவேடு விட்டுவிடும் சொல்லைக் காத்தல், அச்சொல்லின் எடையைக் குறித்தல், ஆங்கிலத்தில் நிகழ்ந்ததைத் தமிழில் சட்டநிலை மாறாது தருதல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். மிராஜ்கர் வழக்கில் வாய்மொழி ஆணை செய்தியாளரைக் கட்டுப்படுத்தியது. 2021ஆம் ஆண்டு வழக்கில் வாய்மொழிக் கருத்தைச் செய்தியாக்கும் அவரது உரிமை நிலைநாட்டப்பட்டது. அவ்வுரிமையின் பயன் அவர் கையாளும் சொல்லின் துல்லியத்தைப் பொறுத்தது.

இவ்வாய்வின் அடிப்படையில் மூன்று பணிகளை முன்மொழியலாம். தமிழ் நாளிதழ்களின் நீதிமன்றச் செய்திகளைக் காலவரிசையில் தொகுத்து, சட்டச் சொற்கள் நிலைபெற்ற முறையை ஆராய்வது முதலாவது. ‘விடுதலை’, ‘தள்ளுபடி’, ‘உத்தரவு’ முதலிய சொற்களுக்கு இதழ்கள் பொதுவாகக் கொள்ளத்தக்க நடைக்கையேட்டைத் தமிழ்த்துறைகளும் சட்டத்துறைகளும் இணைந்து உருவாக்குவது இரண்டாவது. பணி ஓய்வை நெருங்கும் நீதிமன்றச் செய்தியாளர்களின் குறிப்பேடுகளையும் நினைவுகளையும் வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்வது மூன்றாவது. நேரலைக்கு முந்தைய உயர்நீதிமன்றத்தின் பேச்சு அக்குறிப்பேடுகளில்தான் எஞ்சியுள்ளது என்பதால், மூன்றாவது பணி காலத்தாழ்ச்சியைத் தாங்காது.